ஆவடித் தடத்திலிருந்து சோலை விளிம்பு வரை

1856-ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள், ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ஓடிய இருப்புப்பாதையே இன்று அம்பத்தூர், ஆவடி வழியாக அரக்கோணம் செல்லும் தடம். அதன் நிலையப் பெயர்களை வரிசையாகப் படித்துக்கொண்டு போனால் ஒரு தாவர அட்டவணையைப் புரட்டுவது போலிருக்கும். திருமுல்லைவாயிலில் முல்லை நிற்கிறது. ஆவடியைத் தாண்டியதும் வேப்பம்பட்டில் வேம்பும், திருவள்ளூருக்கு அப்பால் கடம்பத்தூரில் கடம்பும், செஞ்சி பனம்பாக்கத்தில் பனையும், திருவாலங்காட்டில் ஆலும், புளியமங்கலத்தில் புளியும் வந்துவிடுகின்றன. தடத்தின் தெற்கே பூவிருந்தவல்லி பூவைச் சுமந்திருக்கிறது. அதற்கும் அம்பத்தூருக்கும் இடைப்பட்ட திருவேற்காடு, வேல மரங்கள் அடர்ந்திருந்த காட்டின் பெயரைத் தாங்கியிருப்பதோடு, வெள்வேலத்தையே கோயில் மரமாகவும் வைத்துக்கொண்டிருக்கிறது. தொழிற்பேட்டையும் டாங்கித் தொழிற்சாலையும் அடுக்குமாடிக் குடியிருப்புகளும் எழுந்துவிட்ட இந்தச் சமவெளியில், எந்த மரம் எங்கே நின்றது என்பதற்கு எஞ்சியிருக்கும் சான்றுகளுள் ஊர்ப்பெயர் ஒன்று.

ஆனால் ஊர்ப்பெயரின் நினைவு நீண்டதன்று. தேவாரப் பதிகங்கள் பாடப்பட்ட காலம் வரை, சற்றுத் தாராளமாகக் கணக்கிட்டாலும் ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுகள் வரைதான் அது பின்னோக்கிச் செல்லும். அதற்கும் முந்தைய தாவர வரலாற்றைத் தேடுவோர் வழக்கமாக நாடுவது ஏரியடிச் சேற்றை. ஆண்டுதோறும் காற்றில் பறந்து வந்து நீரில் விழும் மகரந்தத் துகள்கள் அந்தச் சேற்றில் அடுக்கடுக்காகப் புதைந்து, ஓடு கெடாமல் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் கிடக்கும். அம்பத்தூர், கொரட்டூர், பருத்திப்பட்டு ஏரிகள் இந்த வகையில் உதவ மாட்டா. அவை மனிதர் கரையெடுத்துக் கட்டியவை, கோடையில் வற்றிக் காய்பவை, காலந்தோறும் தூர்வாரப்பட்டவை. காற்றுப்பட்ட மண்ணில் மகரந்தம் சிதைந்துவிடும், தூர்வாரிய மண்ணோடு வரலாறும் வண்டியேறிப் போய்விடும். ஆவடிக்கு வடமேற்கே பூண்டி நீர்த்தேக்கத்தை ஒட்டிய அத்திரம்பாக்கத்தில் 1863-இல் ராபர்ட் புரூஸ் ஃபுட் கண்டறிந்த கற்கருவிப் படிவுகள் பதினைந்து லட்சம் ஆண்டுகள் வரை பின்னோக்கிச் செல்கின்றன என்றாலும், அங்கே கல் பேசும் அளவுக்கு இலையும் பூவும் பேசுவதில்லை. ஆகவே மரங்களின் நீண்ட வரலாற்றைத் தேடும் பயணி, இதே தடத்தில் இரவு நேரத்தில் ஆவடியைக் கடந்து மேட்டுப்பாளையம் செல்லும் நீலகிரி எக்ஸ்பிரஸில் ஏற வேண்டியிருக்கிறது. கடல்மட்டத்திலிருந்து முப்பது மீட்டர் உயரம்கூட இல்லாத புறநகரிலிருந்து 2,200 மீட்டர் உயரத்திலுள்ள ஒரு சதுப்பை நோக்கி, மலையின் அடிவாரம் வரை அந்த வண்டி ஒரே இரவில் கொண்டுசேர்க்கிறது.

அந்தச் சதுப்பில் தேடப்படுவது இன்னதென்று விளங்க, முதலில் உலகின் வடகோடிக்குச் சற்றுப் போய்வர வேண்டும். ஃபின்லாந்து, சுவீடன், சைபீரியா ஆகியவற்றின் வடபகுதிகளில் பைன், பிர்ச், லார்ச் மரங்கள் குட்டையாகி, இடைவெளி விட்டு, ஓரிடத்தில் முற்றாக நின்றுவிடுகின்றன. அதற்கு அப்பால் புல்லும் பாசியும் தரையோடு படரும் குறுஞ்செடியும் மட்டுமே. இந்த விளிம்பை மரவரம்பு எனலாம். ஆண்டின் மிக வெப்பமான மாதத்தின் சராசரி வெப்பநிலை சுமார் 10 பாகை செல்சியசுக்குக் கீழே போகும் இடங்களை இணைக்கும் கோட்டை ஒட்டியே அது ஓடுகிறது. பார்வைக்கு நிலையானதாகத் தோன்றும் இந்த வரம்பு உண்மையில் ஓயாமல் நகர்ந்துகொண்டிருந்த ஒன்று. இன்று மரமே இல்லாத லாப்லாந்துப் பகுதியின் ஏரிகளில் பைன் மரத்தண்டுகள் மூழ்கிக் கிடக்கின்றன. அவற்றின் ஆண்டு வளையங்களை ஒன்றோடொன்று பொருத்தி ஏழாயிரம் ஆண்டுகளுக்கும் மேற்பட்ட தொடர் நாட்காட்டியை ஃபின்லாந்து, சுவீடன் ஆய்வாளர்கள் அமைத்திருக்கின்றனர். வடரஷ்யாவில் ஏறத்தாழ 9,000 முதல் 7,000 ஆண்டுகளுக்கு முன்பு மரங்கள் இன்றைய ஆர்க்டிக் கரையோரம் வரை சென்று, பிறகு 4,000 முதல் 3,000 ஆண்டுகளுக்கு முன்பு தெற்கே பின்வாங்கின. வடபுலத்து மரவரம்பு, வெப்பம் கூடியபோது முன்னேறியும் குறைந்தபோது பின்வாங்கியும் வந்த ஒரு கடலலை போன்றது. சுவீடனைச் சேர்ந்த லென்னார்ட் ஃபோன் போஸ்ட் 1916-இல் மகரந்த எண்ணிக்கையைக் கொண்டு காடுகளின் வரலாற்றை எழுதலாம் என்று காட்டியதிலிருந்தே இந்த வகை ஆய்வு முறையாகத் தொடங்கியது.

பனிப்பிரதேசத்தின் இந்தக் கதைக்குத் தமிழகத்தில் ஓர் உறவு உண்டு; ஆனால் அது தலைகீழாக நிற்கும் உறவு.

ரயில் நள்ளிரவில் வாணியம்பாடி, ஆம்பூர்ப் பகுதியைக் கடக்கிறது. தோல் பதனிடுதலுக்குப் பெயர்பெற்ற இந்தப் பாலாற்றுச் சமவெளிக்கும் மலையுச்சிக்கும் ஒரு மறைமுகத் தொடர்பு இருப்பதைப் பயணி பெரும்பாலும் அறிவதில்லை. பச்சைத் தோலை அழுகாத தோலாக்கும் துவர்ப்புப் பொருள் மரப்பட்டைகளில் இருக்கிறது. நெடுங்காலம் அதற்கு ஆவாரம்பட்டையே பயன்பட்டது. பிறகு தென்னாப்பிரிக்காவிலிருந்து இறக்குமதியான வாட்டில் மரப்பட்டை அந்த இடத்தைப் பிடித்தது. ஆஸ்திரேலியாவைத் தாயகமாகக் கொண்ட அந்த மரத்தை உள்நாட்டிலேயே வளர்த்தால் இறக்குமதியைக் குறைக்கலாம் என்ற கணக்கில், நீலகிரி, பழனி மலைகளின் புல்வெளிகள் வாட்டில் தோட்டங்களாக மாற்றப்பட்டன. சமவெளியின் தேவை மலையின் மரவரம்பை நகர்த்திய விதம் இது. இதை எழுதும்போது தோல் தொழிலை மட்டும் குற்றம் சாட்டிவிட்டுப் போவது எளிது. மேட்டுப்பாளையத்தை அடுத்த சிறுமுகையில் இருந்த செயற்கை இழை ஆலைக்கு மரக்கூழும், மலையூர்களுக்கு அடுப்பு விறகும் அதே தோட்டங்களிலிருந்தே வந்தன என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் கணக்கு நேராகும்.

மேட்டுப்பாளையத்தில் விடிகிறது. அங்கிருந்து உதகை வரை 46 கிலோமீட்டர் செல்லும் மலை ரயில், குன்னூர் வரை 1899-இலும் உதகை வரை 1908-இலும் திறக்கப்பட்டது. கல்லாறு தொடங்கிக் குன்னூர் வரை, தண்டவாளங்களுக்கு நடுவே பதித்த பற்சட்டத்தை எஞ்சினின் பற்சக்கரம் கவ்விப் பிடிக்க, 12 அடி நகர்ந்தால் ஓர் அடி உயரும் சரிவில் வண்டி ஏறுகிறது. சுமார் ஐந்து மணி நேரத்தில், கல்லாற்றின் பாக்குத் தோப்புகளும், இலையுதிர் காடும், அடர்ந்த ஈரக்காடும், தேயிலைத் தோட்டமும், கடைசியில் கற்பூர மரங்களும் சன்னலோரத்தில் மாறி மாறி வருகின்றன. யூகலிப்டஸைச் சமவெளியில் தைலமரம் என்பவர்கள் மலையில் கற்பூர மரம் என்கிறார்கள்.

வடபுலத்து இலக்கணத்தின்படி பார்த்தால், இந்த ஏற்றத்தில் ஓர் உயரத்துக்கு மேல் மரம் நின்று புல் தொடங்க வேண்டும். நீலகிரியில் அப்படி ஒரு கோடு இல்லை. 2,637 மீட்டர் உயரமுள்ள தொட்டபெட்டா உச்சியை ஒட்டியும் காடு இருக்கிறது. அதற்கு மிகக் கீழே திறந்த புல்வெளியும் இருக்கிறது. மேட்டுநிலம் முழுவதும் உருண்டு செல்லும் குன்றுகளின் முதுகில் புல்லும், குன்றுகள் கூடும் மடிப்புகளில், நீரோட்டத்தை ஒட்டி, வெட்டி வைத்தது போன்ற விளிம்போடு சிறுகாடுகளும் அமர்ந்திருக்கின்றன. இந்தச் சிறுகாடே சோலை. தமிழ்ச் சொல் அப்படியே உலகத் தாவரவியலின் கலைச்சொல்லாகிவிட்டது. இங்கே மரவரம்பு மலையைச் சுற்றி ஒரு கச்சை போல ஓடாமல், ஒவ்வொரு சோலையையும் தனித்தனியே சுற்றி ஓடுகிறது. ஒரே உயரத்தில், ஒரே மழையில், இரண்டடி இடைவெளியில் காடு முடிந்து புல் தொடங்குகிறது.

அவலாஞ்சிப் பக்கமோ மேல் பவானிப் பக்கமோ இன்னும் குலையாத ஒரு சோலையின் ஓரத்தில் நின்றால் இந்த விளிம்பின் கூர்மை புலப்படும். வெளியே கணுக்கால் உயரத்துக்குக் கொத்துக்கொத்தாகப் புல். உள்ளே ஓரடி வைத்ததும் வெளிச்சம் மங்கி, காது அடைத்தது போன்ற அமைதி. மரங்கள் உயரமானவையல்ல, நாவல் குடும்பத்து மரங்களும், காட்டுச் செண்பகமும், லவங்கப்பட்டையின் உறவினமும் கிளைகள் முறுகி, குடை விரித்தாற்போல் ஒன்றோடொன்று நெருங்கி, வெளியிலிருந்து பார்க்கும்போது பூக்கோசு போன்ற கூரையை அமைக்கின்றன. தண்டுகளில் பாசியும் பன்னமும் ஆர்க்கிடும் அப்பியிருக்கின்றன. மிதித்தால் அமிழும் இலைமட்கிலிருந்து கோடையிலும் நீர் கசிகிறது. இந்த மரங்களின் கன்றுகள் உள்ளே நெருக்கமாக முளைத்திருக்க, வெளியே புல்லில் ஒன்றைக்கூடக் காண்பது அரிது. காட்டுப்பூவரசு எனப்படும் ரோடோடெண்ட்ரான் மட்டும் சிவந்த பூக்கொத்துகளோடு புல்வெளியில் துணிந்து தனியே நிற்கிறது. அதன் நெருங்கிய உறவுகள் இமயமலையில் இருக்கின்றன; இடைப்பட்ட இரண்டாயிரம் கிலோமீட்டரில் எங்கும் அதற்கு உறவில்லை.

சோலை ஏன் வெளியே வருவதில்லை என்ற கேள்வி 1938-இல் இரண்டு வன அதிகாரிகளிடையே கருத்து வேறுபாடாக வெளிப்பட்டது. என். எல். போர், தீயும் மேய்ச்சலுமே காட்டை அழித்துப் புல்லை நிலைநிறுத்தியிருக்கின்றன என்று எழுதினார். சி. ஆர். ரங்கநாதனோ, புல்வெளி மனிதர் உண்டாக்கியதன்று, உறைபனியே சோலைக் கன்றுகளை வெளியே வரவிடாமல் தடுக்கிறது, எனவே காடும் புல்லும் இரண்டுமே இந்த மலையின் இயல்பான முடிநிலைகள் என்றார். இது வெறும் ஏட்டு விவாதமாக இருந்துவிடவில்லை. போர் சொன்னது சரியென்றால் புல்வெளி ஒரு சீரழிந்த காடு, அதில் மரம் நடுவது மருத்துவம். ரங்கநாதன் சொன்னது சரியென்றால் அதே செயல் ஓர் அழிப்பு.

உறைபனியின் வேலையை உதகை அரசு தாவரவியல் பூங்காவிலேயே பார்க்கலாம். டிசம்பர், ஜனவரி மாதங்களில் தலைகுந்தா, காந்தல் பகுதிகளிலும் குதிரைப்பந்தய மைதானத்திலும் விடியற்காலையில் புல் வெளுத்துக் கிடக்கும் நாட்களில், பூங்காத் தொழிலாளர்கள் மலர்ச்செடிகளின் மேல் கோத்தகிரி மிலார் எனும் செடியின் கொப்புகளைக் கவிழ்த்து மூடுகிறார்கள். மேகமற்ற இரவில் தரை தன் வெப்பத்தை நேரே வானத்துக்கு இழக்கிறது. குறுக்கே ஒரு மெல்லிய கூரை இருந்தாலே போதும், இழப்பு தடைபட்டுச் செடி பிழைக்கிறது. சோலையின் இலைக்கூரை, தன் கன்றுகளுக்குத் தானே மிலாராக நிற்கிறது. கூரைக்கு வெளியே விழுந்து முளைத்த விதை முதல் பனிக்காலத்தைத் தாண்டுவதில்லை. தாண்டாததால் அங்கே கூரை உண்டாவதில்லை. கூரை இல்லாததால் அடுத்த விதையும் பிழைப்பதில்லை.

இந்த விளக்கம் இன்றைய நிலையைச் சொல்கிறது. நேற்றைய நிலைக்குச் சேறுதான் சாட்சி. உதகையிலிருந்து தலைகுந்தா வழியாகப் பைக்காரா நோக்கிச் செல்லும் பக்கத்தில், செம்மறி ஆட்டு ஆராய்ச்சி நிலையம் அமைந்துள்ள சாண்டிநல்லாப் பள்ளத்தாக்கின் அடியில் பீட் எனப்படும் கரிச்சேறு படிந்திருக்கிறது. குளிரும் நீரும் சேர்ந்த இடத்தில் செடிகள் முழுதும் மட்காமல், ஒன்றன்மேல் ஒன்றாக அழுந்தி உண்டாகும் பொருள் அது. பிழிந்தால் பழுப்புநீர் வடியும், விரல்களில் நார் ஒட்டும், காய்ந்தால் எரியும். லக்னோவிலுள்ள பீர்பல் சாஹ்னி தொல்தாவரவியல் நிறுவனத்தைச் சேர்ந்த எச். பி. குப்தா, உதகையை ஒட்டிய காகத்தோப்பு, ரீஸ் கார்னர் படிவுகளின் மகரந்தத்தை ஆராய்ந்து 1971-இல் வெளியிட்டார்; புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் ஜி. வசந்தி 1988-இல் சாண்டிநல்லாவின் மேட்டுப் புல்வெளி வரலாற்றை மகரந்தத்தின் வழியே எழுதினார். மகரந்தத்தில் ஒரு சிக்கல் உண்டு: புல்லின் மகரந்தம் எந்தப் புல்லுடையது என்று நுண்ணோக்கியில் பிரித்தறிவது கடினம், காற்றில் எவ்வளவு தொலைவிலிருந்து வந்தது என்பதும் தெரியாது.

1993-இல் ராமன் சுகுமார், ஆர். ரமேஷ், ஆர். கே. பந்த், ஜி. ராஜகோபாலன் ஆகிய நால்வர் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்ட ஆய்வு வேறொரு வழியை எடுத்துக்கொண்டது. யானை ஆய்வுக்காகப் பெரிதும் அறியப்பட்ட சுகுமார், சேற்றில் கையை நனைத்தது இங்கேதான். தாவரங்கள் காற்றிலுள்ள கரியமில வாயுவை உட்கொள்ளும் முறையில் இரண்டு பெரும் வகைகள் உள்ளன. மரங்களும் பெரும்பாலான செடிகளும் மூன்று கார்பன் அணுக்கள் கொண்ட சேர்மத்தை முதலில் ஆக்குகின்றன. வெப்பமண்டலப் புற்கள் பலவும் நான்கு கார்பன் அணுக்கள் கொண்டதை ஆக்குகின்றன. கார்பனிலேயே சற்றுக் கனமான கார்பன்-13 என்ற வகை உண்டு. முதல் வகைத் தாவரம் அதை அதிகம் ஒதுக்கிவிடுகிறது, இரண்டாம் வகை அவ்வளவாக ஒதுக்குவதில்லை. வேதியியலாளர் பயன்படுத்தும் அளவுகோலில் முதல் வகை ஆயிரத்துக்கு −27-ஐ ஒட்டியும், இரண்டாம் வகை −13-ஐ ஒட்டியும் நிற்கும். செடி மட்கிச் சேறான பின்பும் இந்த எண் பெரிதாக மாறுவதில்லை. ஆகவே சேற்றின் ஒவ்வோர் அடுக்கையும் எடுத்து அளந்தால், அந்த அடுக்கு படிந்த காலத்தில் சுற்றிலும் மரவகை ஓங்கியிருந்ததா, புல்வகை ஓங்கியிருந்ததா என்பது தெரிந்துவிடும்.

தெரியவந்தது இது: ஏறத்தாழ 20,000 முதல் 18,000 ஆண்டுகளுக்கு முன்பு, வடபுலத்தைப் பனிப்பாளங்கள் மூடியிருந்த உச்சக் குளிர்காலத்தில், நீலகிரி வறண்டு கிடந்தது, புல் ஓங்கியிருந்தது. பிறகு பருவமழை வலுப்பெற்று, சுமார் 11,000 ஆண்டுகளுக்கு முன்பு மரவகை உச்சத்தை எட்டியது. 6,000 முதல் 3,500 ஆண்டுகளுக்கு முன்பு மீண்டும் வறட்சி, மீண்டும் புல். ஏறத்தாழ 600 ஆண்டுகளுக்கு முன்பு ஒரு சிறு ஈரக்காலம். இதே குழுவைச் சேர்ந்தோர் 1997-இல் இந்தப் பதிவை 40,000 ஆண்டுகள் வரை நீட்டினர். வடபுலத்தில் வெப்பம் மரவரம்பை ஆட்டுவித்தது. இங்கே மழையும் அதைவிட நுட்பமான இன்னொன்றும் ஆட்டுவித்தன. பனியூழி உச்சத்தில் காற்றில் கரியமில வாயு பத்து லட்சத்தில் 190 பங்கை ஒட்டியே இருந்தது. அவ்வளவு மெலிந்த காற்றில் நான்கு கார்பன் புல்லுக்கு மரத்தைவிட வசதி அதிகம்.

ஒரு சதுப்பின் சேறு ஒரு மலை முழுவதற்கும் பேசிவிடாது என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். சதுப்பிலேயே வளரும் கோரையும் தன் கணக்கைச் சேர்த்துவிடும். நீலகிரியின் வேறு பகுதி மண்ணை அளந்த பிற்கால ஆய்வுகள், மழை மிகுந்த மேற்கும் மழை குறைந்த கிழக்கும் ஒரே காலத்தில் ஒரே மாதிரி நடந்துகொள்ளவில்லை என்று காட்டின. ஆயினும் அடிப்படை ஒன்று அசையவில்லை: மனிதர் இங்கே மந்தை ஓட்டி வருவதற்கு வெகுகாலம் முன்பே புல்வெளி இருந்தது. இம்மலையின் மேய்ச்சல் குடிகளான தொதவர்களின் எருமைகள் காட்டை அழித்துப் புல்லாக்கவில்லை. இருந்த புல்லுக்கு எருமைகள் வந்தன. பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் குறிஞ்சியைத் தன் புல்சரிவில் வைத்திருக்கும் இந்த மலையில், மந்தையும் பாலும் மோருமாக நடந்த வாழ்க்கை திணை இலக்கணப்படி முல்லைக்குரியது என்பது தமிழ்ப் பயணிக்கு ஒரு சிறு வியப்பாக இருக்கலாம்.

1819-இல் கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் மலையேறிய பின், வெள்ளையர் கண்ணுக்கு இந்தப் புல்வெளி சொந்த ஊரின் மேய்ச்சல் மேடுகளாகத் தோன்றியது. ஆளுநர் ஒருவரின் பெயரால் அது வென்லாக் டவுன்ஸ் ஆனது. ரசித்த கையோடு அதில் மரமும் நட்டார்கள். கற்பூர மரம் 1843-இல் வந்தது; வாட்டில் அதற்கும் முன்பே வந்துவிட்டது. வருவாய் தராத புல்வெளி தரிசு என்று எழுதப்பட்டது. விடுதலைக்குப் பிறகும் அந்த எண்ணம் மாறாமல் நடுகை இன்னும் விரைந்தது. பழனி மலையில் 1973-க்குப் பிந்தைய நாற்பது ஆண்டுகளில் மட்டும் புல்வெளியின் மூன்றில் இரண்டு பங்கு மறைந்துவிட்டதைச் செயற்கைக்கோள் படங்கள் காட்டின. உதகை – கூடலூர் சாலையில் ‘ஷூட்டிங் மட்டம்’ என்று பெயர் பெற்ற சரிவு, திரைப்பாடல்களின் வழியே தமிழர் அனைவரும் பார்த்த புல்வெளி. அந்தச் சட்டகத்தின் ஓரத்தில் நிற்கும் மரங்களில் பல, வந்து இரு நூற்றாண்டுகூட ஆகாதவை.

பெங்களூரின் தேசிய உயிரியல் அறிவியல் மையத்தைச் சேர்ந்த அதுல் ஜோஷியும் உடன் ஆய்வாளர்களும் சோலைக் கன்றுகளையும் வாட்டில் கன்றுகளையும் நீலகிரிப் புல்லில் நட்டுப் பார்த்து, 2020-இல் முடிவை வெளியிட்டனர். பனிக்காலத்தில் சோலைக் கன்றுகள் மடிந்தன. வாட்டில் பெருமளவு பிழைத்தது. செயற்கையாகச் சற்று வெப்பமூட்டிய இடத்தில் சோலைக் கன்றுகளும் கூடுதலாகப் பிழைத்தன. ரங்கநாதன் 82 ஆண்டுகளுக்கு முன்பு கருதியதற்குக் களச்சான்று கிடைத்தது. கூடவே, காற்றில் கரியமில வாயு 420 பங்கைத் தாண்டி, இரவுகளும் வெப்பமடைந்துவரும் காலத்தில் அந்தப் பனிக்காவல் தளரும் என்பதும் தெரிந்தது.

தமிழ்நாடு அரசு 2022-இல் அயல்தாவரங்களை அகற்றவும் சூழலை மீட்கவும் ஒரு கொள்கையை வெளியிட்டது. வாட்டிலை வெட்டினால் மட்டும் போதாது. அதன் விதை பல பத்தாண்டுகள் மண்ணில் உறங்கிக் கிடந்து, மரம் விழுந்து வெயில் பட்டதும் கம்பளம் விரித்தாற்போல் முளைக்கும். சில பழைய வாட்டில் தோட்டங்களின் நிழலிலோ, உறைபனி எட்டாததால் சோலை மரக் கன்றுகளே தலைகாட்டுகின்றன. முன்பு புல் இருந்த இடத்தில், வந்தேறி மரம் பிடித்த குடையின் கீழ், உள்ளூர்க் காடு எழுகிறது. அதை வரவேற்பதா, களைவதா என்பதில் மலையை அறிந்தவர்களிடையே ஒத்த கருத்து இல்லை. இன்று சாண்டிநல்லாவின் சேற்றில் படியும் புதிய அடுக்கு, கற்பூர மரத்தின் மகரந்தத்தையும் வாட்டிலின் மகரந்தத்தையும் வாங்கிக்கொண்டிருக்கிறது.

வாட்டிலை நீலகிரி மக்கள் சீகை மரம் என்கிறார்கள். சீகை என்பது சீயக்காய்க் கொடிக்குரிய பழைய தமிழ்ப் பெயர். அதுவும், திருவேற்காட்டின் வேலமும், ஆஸ்திரேலிய வாட்டிலும் அண்மைக்காலம் வரை அக்கேசியா என்ற ஒரே பேரினத்தில் அடங்கியிருந்தவை. 2005-இல் வியன்னாவிலும் 2011-இல் மெல்பர்னிலும் கூடிய தாவரவியல் மாநாடுகள் அந்தப் பெயரை ஆஸ்திரேலிய மரங்களுக்கே ஒதுக்கிவிட, வேலமும் சீகையும் வேறு பெயர்களுக்குக் குடிபெயர்ந்தன. திரும்பிவரும் நீலகிரி எக்ஸ்பிரஸ் விடியும் நேரத்தில் ஆவடியைக் கடக்கும்போது, தடத்தோரத்திலும் ஏரிக்கரைகளிலும் அடர்ந்து நிற்பது அமெரிக்கக் கண்டங்களைத் தாயகமாகக் கொண்ட முள்மரம். அதற்கும் இந்தப் பக்கத்து மக்கள் வேலத்தின் பெயரையே கொடுத்து, முன்னால் ‘சீமை’யைச் சேர்த்து, சீமைக்கருவேலம் என்று அழைக்கிறார்கள்.